ஓரப்பலகையின் பின்பக்கம்

எனக்கு உயரம் என்றால் பயம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. முக்காலியில் ஏறி பல்பு மாற்றச் சொன்னாலே உள்ளங்கால் கூசும். இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். இப்படிப்பட்ட என்னைத் தேடிப் பிடித்துத்தான் என் மாமனார் மாடியில் குடிவைத்தார். கீழே அவரும் அத்தையும், மேலே நானும் என் மனைவியும். மாடியில் வெளிச்சம் கொட்டும், தையல் வேலைக்குத் தோதாக இருக்கும் என்றார். வெளிச்சம் கொட்டத்தான் செய்தது. தெருப்பக்கம் பெரிய ஜன்னல், கம்பி கிடையாது, இரண்டு மரக்கதவுகள் மட்டும். துணி வெட்டும் மேஜை நகர்த்த முடியாத கனம், அது ஜன்னலோரமே கிடந்தது. தையல் மெஷினை மட்டும் எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் வந்தால் போதும், தெரு எனக்கு எதற்கு?

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அந்த மாடியில்தான் இருக்கிறோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று வெளியே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பெண் ஒருத்திதான், அவளைத் தூரத்தில் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுதான் என்னைப் பிடித்தார் என்று அத்தை சொல்லுவாள். அதில் பெருமையாக நினைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். என் கத்தரிக்கோலைத் துணியைத் தவிர வேறு எதிலும் வைக்கக் கூடாது. காகிதத்தில் வைத்தால்கூட அதன் கூர் போய்விடும், அப்புறம் அது துணியைக் கடிக்குமே தவிர வெட்டாது. ஒருமுறை அத்தை தெரியாமல் அதை எடுத்து பால் பாக்கெட்டை வெட்டிவிட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை. கட்டின பொண்டாட்டியைக்கூட அப்படிப் பாதுகாக்க மாட்டார் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பலகை. கூரையைத் தாங்குகிற சாய்ந்த மரங்கள் சுவரைத் தாண்டி வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு முடியும் அல்லவா, அந்த முனைகளை எல்லாம் மூடி, வீட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு நீளப் பலகையை அடித்திருப்பார்கள். அதுதான் ஓரப்பலகை. கீழேயிருந்து பார்த்தால் கூரைக்குக் கரை வைத்துத் தைத்தாற்போல் இருக்கும். சும்மா அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரக் கால்வாய் முழுவதும் தொங்குவது அந்தப் பலகையில் திருகிய இரும்புக் கொக்கிகளில்தான். ஓட்டுத் தண்ணீர் கால்வாயில் விழாமல் பலகைக்குப் பின்னால் வழிய ஆரம்பித்துவிட்டால், அது நேரே சுவருக்குள் இறங்கும்.

எங்கள் வீட்டில் இறங்கியது. ஜன்னலுக்கு மேலே, சுவரில் முதலில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. நான் சொன்னேன். மாமா பார்த்துவிட்டு, பழைய வீடு என்றால் அப்படித்தான் என்றார். அடுத்த மழையில் கறை கீழே இறங்கியது. அதற்கு அடுத்த மழையில் தைத்து அடுக்கியிருந்த பள்ளிக்கூடச் சீருடைகளின் மேல் சொட்டியது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் டீயில் நனைத்தாற்போல் ஆகிவிட்டன. அத்தனையையும் திரும்பத் துவைத்து, திரும்ப இஸ்திரி போட்டு, பள்ளிக்கூடத்துக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று சாப்பிடும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. இந்த வீட்டில் ஓரப்பலகைக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம், கால்வாயை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றேன். அது உண்மைதான். மழைக்காலத்துக்கு முன்னால் மாமா காப்பிக் கலர் பெயிண்ட் டப்பாவோடு ஏணி ஏறிவிடுவார். தெருவில் எங்கள் வீட்டுக் கூரைதான் பளபளப்பு. பின்பக்கத்துக்கும் ஒரு கை அடிக்கலாமே என்று யாராவது கேட்டால், பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்பார். உள்துணி கொடுக்காமல் கோட்டு தைக்கிற வேலை அது என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தை கண்ணால் ஜாடை காட்டினாள். நான் நிறுத்தவில்லை.

"இப்படியே போனா நாங்க வேற எடம் பாத்துக்கிறோம் மாமா. என் தொழில் என்னாகிறது?"

மாமாவின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது. அவர் பதிலுக்குப் பேசியிருந்தால் நான் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எழுந்து போய்க் கை கழுவினார், தட்டில் பாதி சாப்பாடு மிச்சம் இருந்தது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரமே தச்சர் வந்துவிட்டுப் போனார். நான் துணி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று மாமாவைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். கால்வாயில் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறது, அதை அள்ளிவிட்டால் சரியாகிவிடுமாம். மறுநாள் நான் வெளியே போய்விட்டு வந்தால் வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை. மனிதர் தனியாக ஏணி ஏறி ஓரப்பலகையைப் புதுப் பெண் மாதிரி ஆக்கியிருந்தார். கால்வாயை அள்ளினீர்களா என்று கேட்டேன். நாளைக்கு என்றார். எனக்கு வந்ததே கோபம். இந்த வயதில் பிடிக்க ஆளில்லாமல் ஏணி ஏறுகிறவரை என்ன சொல்வது? இனிமேல் ஏறுவதென்றால் ஏணியைக் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், நான் இல்லாதபோது ஏறவே கூடாது என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் தலையாட்டியதில்லை.

மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டு பெய்தது. மத்தியானம் கொஞ்சம் விட்டது, ஆனால் வானம் வெளுக்கவில்லை. கால்வாய் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. மண்ணும் இலையும் தண்ணீருமாக அத்தனை கனமும் அந்தப் பலகையில் தொங்கியது. கறை என் மேஜைவரை வந்துவிட்டது.

மாமா ஏணியைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு இடப்பக்கம் சுவரில் சாத்தினார். தரை ஈரமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொண்டால் உங்கள் துணியெல்லாம் போய்விடும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, ஏணியைக் கட்டுவது என் பொறுப்பு. துணி மூட்டை கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் மனைவி பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டினேன். கீழே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "மாப்ளே, ஜன்னல் கட்டையில கட்டுங்களேன்."

ஜன்னல் கட்டை அரதப் பழசு, கதவைச் சாத்தினாலே அது ஆடும். தலைக்கு நேர் மேலே கால்வாய்க் கொக்கி இருந்தது, கட்டைவிரல் தடிமனில் நல்ல இரும்பு. இரும்பை விட்டுவிட்டு உளுத்த கட்டையிலா கட்டுவார்கள்? எனக்குத் தெரியும் மாமா, நீங்கள் சும்மா இருங்கள் என்றேன். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

ஏணியின் மேல் படியில் ஒரு சுற்று, கொக்கியில் இரண்டு சுற்று போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினேன். இறுக்கும்போது என் கட்டைவிரல் பலகையில் பட்டது. பட்ட இடம் உள்ளே அமுங்கியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நான் தையல்காரன். பொத்தான் பிய்ந்துவிட்டது என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன், பொத்தான் பிய்யவில்லை, நூலும் அறவில்லை, துணிதான் இற்றுவிட்டது, பின்னால் ஒரு ஒட்டுத்துணி கொடுத்துத்தான் தைக்க வேண்டும் என்று. அன்று கொக்கியைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன், கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

என் மனைவி கீழே போய் அத்தையோடு சேர்ந்து ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னலில் நின்று ஏணியின் பக்கக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமா ஏறினார். முதலில் அவருடைய வழுக்கைத் தலை என் முன்னால் வந்தது, அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு. கடைசியில் அவருடைய முழங்கால் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வலது கையில் சின்னக் கரண்டி, ஏணியில் மாட்டிய வாளி. மண்ணை அள்ளி அள்ளி வாளியில் போட்டார். கறுப்பு மண், நாற்றம் குடலைப் பிடுங்கியது.

பக்கத்தில் இருந்ததை அள்ளியானதும் அவர் இடப்பக்கமாகச் சாய்ந்து கையை நீட்டினார். போதும் மாமா, ஏணியை நகர்த்திக்கொள்ளலாம் என்றேன். இதோ, இந்த ஒரு கை என்று சொல்லிக்கொண்டே சமநிலைக்காக இடது கையால் பலகையைப் பிடித்தார்.

ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த மரம் உடைகிற சத்தம் இல்லை அது. ஈரத்துணியை மெதுவாகக் கிழித்தால் வருமே, அந்தச் சத்தம். அதை நான் நாள் முழுக்கக் கேட்கிறவன்.

தூரத்து மூலையில் பலகை கூரை மரத்தைவிட்டு விலகியது. கொஞ்சம்தான். விலகின இடைவெளியில் பழுப்பாக ஏதோ பொலபொலவென்று கொட்டியது. நனைந்த தவிடு மாதிரி இருந்தது. அதுதான் பலகை. முன்பக்கம் பளபளவென்று ஒரு தோல், அதற்குப் பின்னால் மரமே இல்லை. மாமாவும் அதைப் பார்த்தார். அவர் கை பலகையிலிருந்து நெருப்பைத் தொட்டாற்போல் பின்வாங்கியது.

இறங்குங்கள் என்று நான் சொல்வதற்குள் இரண்டாவது ஆணி பிடுங்கிக்கொண்டது, அப்புறம் மூன்றாவது. தையல் பிரிவதுபோல் அந்தக் கோடியிலிருந்து எங்களை நோக்கி வந்தது. அந்தப் பக்கத்து நுனி கீழே சரிந்தது, கால்வாய்த் தண்ணீரும் மண்ணும் அதோடு கொட்டின, முழுப் பலகையும் இந்தக் கோடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இந்தக் கோடியில் பிடித்திருந்தது ஒரே ஒரு ஆணியும் என் கயிறும்தான்.

கயிறு விறைத்தது. ஏணி என் கையைப் பிய்த்துக்கொண்டு இடப்பக்கம் இழுபட்டது. மாமா இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டார். வாளி விழுந்து தரையில் உருண்டது. கீழே அத்தை அலறினாள். ஏணியின் வலது கால் தரையைவிட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது. இரண்டு பெண்களும் மற்றக் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், கயித்த விட்டுடாதடா!" என்றார் மாமா.

என்னை அவர் ஒருநாளும் 'டா' போட்டதில்லை. மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, இதுவரைக்கும் பயம் என்று நான் நினைத்ததெல்லாம் பயமே இல்லை.

மேலே பார்த்தேன். அந்தக் கடைசி ஆணி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அது பிடுங்கிக்கொண்டால் பலகை, கால்வாய் எல்லாமாகச் சேர்ந்து அத்தனை கனமும் என் கயிற்றில் விழும். கயிறு அறாது, நல்ல கயிறு. முடிச்சு அவிழாது, நான் போட்ட முடிச்சு. ஏணியைத்தான் அது தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மாமா விழக் கூடாது என்று நான் கட்டினதே மாமாவை இழுத்துக்கொண்டு போகப்போகிறது.

வெட்டினால்? வெட்டினால் ஏணி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. ஒற்றைக் காலில் நிற்கிறது. தன் இடத்துக்குத் திரும்பி வரலாம், பின்பக்கமாக மல்லாந்தும் போகலாம். யோசிக்க நேரமில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எல்லாவற்றையும் யோசித்தேன். வேற இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதையும் யோசித்தேன்.

ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்தேன். மேஜைமேல் கத்தரிக்கோல் எப்போதும் வைக்கிற இடத்தில் இருந்தது. ஜன்னல் கட்டையில் முழங்காலை ஊன்றி ஏறினேன். உடம்பில் பாதி வெளியே. இப்போது என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. கண்ணை மூட முடியவில்லை, மூடினால் கயிறு தெரியாது. அதனால் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக முதுகு காட்டின தெரு முழுவதையும், அதன் ஆழத்தையும், அண்ணாந்து நிற்கிற இரண்டு முகங்களையும் பார்த்தேன்.

மாமா என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளிறிப் போயிற்று. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கீழேயிருந்து என் மனைவியின் குரல்தான் வந்தது. "என்னங்க பண்றீங்க? கயித்த வெட்டாதீங்க! அது எங்கப்பாங்க!"

நான் வெட்டினேன். கத்தரிக்கோல் நைலானில் வழுக்கியது. மறுபடி வைத்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. என் வாயிலிருந்து என்னென்னவோ கெட்ட வார்த்தைகள் வந்தன. ஆணியின் தலை முழுதாக வெளியே வந்துவிட்டதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடியை நெரித்தேன். படீரென்று அறுந்தது.

அறுந்த கயிறு என் கன்னத்தில் சாட்டையாக அடித்தது. பலகை இடப்பக்கம் சுழன்று போய் விழுந்தது. தகரம் தரையில் மோதின சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. ஏணி திரும்பி வந்தது. வலது கால் தரையில் 'டக்' என்று உட்கார, மேல்பக்கம் சுவரில் உரசிக்கொண்டே வந்து ஜன்னல் கட்டையில் இடித்து நின்றது. மாமாவின் சட்டைக் காலர் என் கைக்கு எட்டியது. பிடித்தேன். இன்னொரு கையால் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தேன். இழுத்தேனா, அவரே தாவினாரா தெரியாது, இரண்டு பேருமாக ஜன்னல் வழியாக உள்ளே வந்து, துணிக்குவியலின் மேல் விழுந்தோம். அவர் தலை என் மார்பில் இருந்தது. இரண்டு பேரில் யாருடைய நெஞ்சு அப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. என் மனைவி வாசலில் வந்து நின்றாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் என் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். அவள் வந்து அப்பாவின் கை, கால், முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், மேலே ஏறி வர அவளால் முடியவில்லை.

கொஞ்சம் ஆசுவாசமானதும் நான் கீழே போய்ப் பார்த்தேன். பலகை மூன்று துண்டாகக் கிடந்தது, பின்பக்கம் மேலே. கறுத்து, உதிர்ந்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. காலால் தட்டினேன், பெயிண்ட் தோல் மட்டும் மடங்கியது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சில இடங்கள் தெரிந்தன. உட்கார்ந்து விரலால் சுரண்டினேன். பட்டி. சுவருக்குப் பூசுகிற பட்டியை ஓட்டைகளில் திணித்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தது. விரலில் பிசுபிசுத்தது. புதுசு, இந்த வாரத்துப் பட்டி.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. ஜன்னல் கட்டையில் கட்டுங்கள் என்றது, வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டது, முகத்தைப் பார்க்காமல் பேசினது. உள்ளே வந்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை கொடுத்த தண்ணீர் டம்ளர் அவர் கையில் இருந்தது, குடிக்கவில்லை. வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

"தச்சர் நெஜமா என்ன சொன்னார் மாமா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் என் மனைவியும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிமிராமலே சொன்னார்.

"ஸ்க்ரூட்ரைவர வெச்சு அமுக்கினான். கைப்பிடி வரைக்கும் உள்ள போச்சு. மொத்தமும் பிரிக்கணும், ஓடெல்லாம் எறக்கணும், மழை முடியிற வரைக்கும் மாடிய காலி பண்ணணும்னான்."

"அத எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா காலி பண்ணுவீங்க. ஏற்கனவே வேற எடம்னு சொல்லிட்டீங்க. போனா திரும்பி வருவீங்களா? அதான் பட்டி வெச்சேன்."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கயிற்றைக் கட்டும்போதாவது சொல்லக் கூடாதா, அந்தக் கொக்கி நிற்காது என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு, உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது, இந்த இரண்டு பெண்களும் கீழே நின்றுகொண்டிருந்தார்களே என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

"தப்புதான் மாப்ளே. சொல்ல வாய் வரல," என்றார். "ஏணியில தொங்கும்போது பயந்தேன், இல்லேன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு சாப்பிடும்போது நீங்க சொன்னீங்களே, அப்ப பயந்த மாதிரி நான் பயந்ததே இல்ல."

மாடியில் மழை உள்ளே கொட்டுகிற சத்தம் கேட்டது. மூடியிருந்த பலகை போனதும் கூரையின் முனைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டுதானே நிற்கும். என் மனைவி துணிகளைக் காப்பாற்ற மேலே ஓடினாள். நான் போகவில்லை. கன்னம் எரிந்துகொண்டிருந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். டிவி இருந்த மூலையை நகர்த்தினால் ஒரு மெஷின் போடலாம், நாலு ஆளைப் பிடித்து வெட்டுகிற மேஜையையும் இறக்கிச் சுவரோரம் போடலாம்.

"நாளைக்குத் தச்சர வரச் சொல்லுங்க," என்றேன். "மொத்தமும் பிரிக்கட்டும். என் மெஷின இங்க போட்டுக்கிறேன், ராத்திரி இங்கயே படுத்துக்கிறோம். வேற எடத்துக்கெல்லாம் நாங்க போகல."

மாமா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் சிந்தியது. அத்தை எழுந்து வந்து டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.